பாதை மாறினால் படமும் மாறவேண்டும்

இங்கிலாந்து தேசத்தில் கிராம நடைபாதைகளையும் குதிரைப் பாதைகளையும் பற்றிய மாறுதல்கள் பதிவு செய்யப்படும் விதம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் அங்கத்தினர் கடன் வாங்கினார். தவணை தவறாமல் அசலும் வட்டியுமாகக் கட்டித் தீர்த்தார். கையில் ரசீதும் பெற்றுக்கொண்டார். ஆனால் காரியதரிசி அத்தொகையைப் பேரேட்டில் வரவு வைக்க மறந்துவிட்டார். பத்து வருஷங்கள் கழிந்தன. பழைய காரியதரிசி போய்ப் புதியவர் வந்தார். அவர் பேரேட்டைப் புரட்டியபோது, கடனைத் தீர்த்தவரே கடன்காரராகக் காணப்பட்டார். ரசீது பெட்டியில் பத்திரமாக இருந்தால் வழக்கு அத்துடன் முடியும். ரசீதைச் செல் அரித்திருந்தால் அவர் கதி என்ன? கடன் தீர்ந்தது உண்மையே. ஆயினும் கணக்கில் அது தீரவில்லை.

பணத்திற்கு நேரும் இந்தச் சங்கடம் பாதைக்கும் நேரும். ஊரார் நடந்து வந்த பொது வழி ஒன்று சட்டப்படி மூடப்படுகிறது, அல்லது வேறு இடத்திற்கு மாற்றப்படுகிறது, அல்லது புதிதாக ஒரு வழி உண்டாக்கப்படுகிறது. உத்தரவு கையெழுத்தாகிவிடுகிறது. ஆனால் பாதைகளுக்கென்று உள்ள படத்தில் அந்த மாறுதல் ஏறவில்லை. அப்போது படம் ஒன்று சொல்லும். நிலம் ஒன்று சொல்லும். கச்சேரிக் கட்டில் கிடக்கும் உத்தரவு மற்றொன்று சொல்லும். இம்மூன்றையும் ஒன்றாக வைத்திருப்பது எப்படி என்பதற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சென்ற எழுபது வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் ஏற்பாடு நல்ல உதாரணமாகும். அதன் நன்மையையும், அதில் நேரும் குறைகளையும் எடுத்துக் காட்டுவதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

பாதைகளின் வகை

அந்தத் தேசத்தில் தனியார் நிலங்களின் ஊடே பொது வழிகள் ஏராளமாகச் செல்லுகின்றன. இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்துப் பார்த்தால் பதிவான பொது வழிகளின் நீளம் சுமார் 1,40,000 மைல் ஆகும். மண் நிலச் சொந்தக்காரருடையது. அதன்மேல் போக வர உள்ள பாத்தியதை பொது ஜனங்களுடையது. சொந்தக்காரர் அங்கே பயிரிடலாம், மாடு மேய்க்கலாம். ஆனால் வழியை மறிக்கக் கூடாது.

இவ்வழிகளில் முக்கியமானவை இரண்டு. நடைபாதை என்பது கால்நடையாகச் செல்லுவதற்கு மட்டும் உரியது. குதிரைப் பாதை என்பது நடந்து செல்லவும், குதிரைமேல் ஏறிச் செல்லவும், குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு செல்லவும் உரியது. 1968-ம் வருஷத்துச் சட்டத்தின்படி குதிரைப் பாதையில் சைக்கிள் விடுவதற்கும் அனுமதி உண்டு. ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். இவற்றைத் தவிர வண்டி செல்லக்கூடிய சில பழைய வழிகளும் உண்டு. எந்த வழி எந்த வகையைச் சேர்ந்தது என்பதிலேயே பாதி வழக்குகள் அடங்கியிருக்கின்றன. ஆகையால் பதிவில் வழியின் இடம் மட்டுமல்ல, வகையும் சரியாக இருத்தல் அவசியம்.

படம் உண்டான வரலாறு

முற்காலத்தில் எது பொது வழி என்பது ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்திலேயே இருந்தது. பொது நிலங்களை வேலியிட்டுப் பங்கிட்ட காலத்தில் எழுதப்பட்ட தீர்ப்பேடுகளில் சில பாதைகள் குறிக்கப்பட்டன. 1835-ம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி ஒரு வழியை மூடவோ மாற்றவோ வேண்டுமானால் இரண்டு மாஜிஸ்டிரேட்டுகள் நேரில் சென்று பார்வையிட்டு அத்தாட்சி கொடுக்க வேண்டும். அது மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கூடும் ஜில்லாக் கோர்ட்டில் படிக்கப்பட்டு, அங்கேயே ஏடாகக் கட்டி வைக்கப்பட்டது. ஏடு பத்திரமாக இருந்தது; ஆனால் கிராமத்தில் நடப்பவன் அதைக் கண்டதில்லை. பாட்டன் காலத்தில் மூடிய வழியில் பேரன் நடந்தான். பாட்டன் காலத்தில் திறந்த வழியைப் பேரன் அறியாமலே இருந்தான்.

1932-ம் வருஷத்தில் ஒரு சட்டம் பிறந்தது. பொது ஜனங்கள் இருபது வருஷம் தடையின்றி, ஒளிவு மறைவின்றி, உரிமையுடன் நடந்து வந்தால் அவ்வழி பொதுவுக்கு விடப்பட்டதாகக் கொள்ளலாம் என்று அது விதித்தது. இது வழக்காடுவதற்கு உதவியதேயன்றி, தேசம் முழுமைக்கும் பாதைக் கணக்கு ஒன்றை உண்டாக்கவில்லை. யுத்த காலத்தில், 1942-ல், கிராம நிலங்களின் உபயோகத்தைப் பற்றி விசாரித்த ஸ்காட் கமிட்டியும், 1947-ல் சர் ஆர்தர் ஹாப்ஹௌஸ் தலைமையில் நடைபாதைகளைப் பற்றி விசாரித்த கமிட்டியும், எல்லாப் பொது வழிகளையும் அளந்து படத்தில் குறிக்க வேண்டும் என்று கூறின. அதன் பலனாக 1949-ம் வருஷத்தில் தேசியப் பூங்காக்களையும் நாட்டுப்புறத்தில் நடமாடும் உரிமையையும் பற்றிய சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின்படி ஒவ்வொரு ஜில்லா சபையும் தன் எல்லைக்குள் இருக்கும் நடைபாதைகளையும் குதிரைப் பாதைகளையும் கணக்கெடுக்க வேண்டியதாயிற்று. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், அந்த வேலையின் அஸ்திவாரம் கிராமத்திலேயே போடப்பட்டது. பாரிஷ் கவுன்ஸில் எனப்படும் கிராம சபையார் ஊர்க் கூட்டம் கூட்டினார்கள். பாதைகளை நடந்து பார்த்தார்கள். ஒவ்வொரு பாதைக்கும் நம்பர் கொடுத்து, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இடையில் எத்தனை கதவுகள், எத்தனை ஏறு படிகள், எந்த ஆதாரத்தினால் அது பொது வழி என்று குறித்து அனுப்பினார்கள். அவற்றைக் கொண்டு ஜில்லா சபை முதலில் நகல் படமும், ஆட்சேபணைகளைக் கேட்டபின் தாற்காலிகப் படமும், நிலச் சொந்தக்காரரின் வழக்குகள் தீர்ந்தபின் இறுதியில் நிர்ணயப் படமும் வெளியிட்டது. சில ஜில்லாக்களில் இந்த மூன்று படிகளையும் கடக்க இருபது வருஷங்களுக்கு மேலும் சென்றன.

நிர்ணயப் படத்தோடு கூட ஒரு விவர ஜாப்தாவும் உண்டு. பாதை செல்லும் இடத்தைப் படம் காட்டும். அதன் அகலம், அதில் சட்டப்படி இருக்கக்கூடிய கதவு, ஏறு படி முதலியவற்றை ஜாப்தா கூறும். இரண்டும் சேர்ந்ததே பதிவு.

படத்தின் பலம்

இப்படத்திற்குச் சாதாரண சர்வேப் படத்திற்கு இல்லாத ஒரு பலம் உண்டு. அரசாங்க சர்வேப் படத்தில் ஒரு தடம் வரையப்பட்டிருந்தால், அங்கே தடம் இருக்கிறது என்பதே பொருள். அதில் நடக்கப் பொது ஜனங்களுக்குப் பாத்தியதை உண்டு என்பதல்ல. சர்வே இலாகாவாரே படத்தின் ஓரத்தில் இதை அச்சிட்டு விடுகிறார்கள். நிர்ணயப் படமோ அப்படியல்ல. அதில் ஒரு நடைபாதை காட்டப்பட்டிருந்தால், குறித்த தேதியில் அங்கே பொது நடைபாதை இருந்தது என்பதற்கு அதுவே முடிவான சாக்ஷியம். கோர்ட்டில் அதை மறுத்து வாதாட இடமில்லை. இந்த விதி இப்போது 1981-ம் வருஷத்துச் சட்டத்தின் 56-வது பிரிவில் இருக்கிறது.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலாவது, படம் காட்டுவதற்கு மட்டுமே அது சாக்ஷியம். காட்டாததற்கு அது சாக்ஷியமல்ல. ஒரு வழி படத்தில் இல்லை என்பதனால் அவ்வழி இல்லை என்று ஆகிவிடாது. நடைபாதை என்று குறித்திருப்பதனால் அங்கே குதிரை போகும் உரிமை இல்லை என்றும் ஆகிவிடாது. அதை வேறு ஆதாரங்களால் ரூபிக்கலாம். இரண்டாவது, படத்தின் சாக்ஷியம் ஒரு தேதியோடு கட்டப்பட்டது. அதற்குக் குறிப்புத் தேதி என்று பெயர் சொல்லலாம். 1953-ம் வருஷக் குறிப்புத் தேதி உள்ள படம் 1953-ன் நிலைமையைக் கூறுமேயன்றி, அதற்குப் பின் 1970-ல் சட்டப்படி மாற்றப்பட்ட பாதையைப் பற்றி ஒன்றும் கூறாது. ஆகவே படம் பிழையாகாமல் இருக்க வேண்டுமானால் பின்னால் நடந்த மாறுதல்களை அதில் ஏற்றிக்கொண்டே வர வேண்டும்.

ஒரு பாதை மாறும் கதை

இது நடக்கும் விதத்தை விளக்க, ஒரு கிராமத்தைக் கற்பனை செய்து கொள்வது நலம். அக்கிராமத்தின் 7-ம் நம்பர் நடைபாதை ஒரு குடியானவரின் தொழுவத்தின் நடுவே செல்லுகிறது. பால் கறக்கும் வேளையில் அந்நியர் வந்து போவதால் மாடுகள் மிரளுகின்றன. பாதையை வயல் ஓரமாக மாற்றித்தரும்படி குடியானவர் ஜில்லா சபைக்கு விண்ணப்பம் செய்கிறார்.

1980-ம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்தின் 119-வது பிரிவின்படி, சொந்தக்காரருக்கோ பொது ஜனங்களுக்கோ அனுகூலமானால் பாதையை மாற்றலாம். ஆனால் பொது ஜனங்களுக்கு அது முன்னிலும் கணிசமாக அசௌகரியமாகிவிடக் கூடாது. பாதையின் முனை ஒரு சாலையில் முடிவதாயிருந்தால், புதிய முனையும் அதே சாலையிலோ அதோடு சேர்ந்த சாலையிலோ, ஏறக்குறைய அதே சௌகரியத்துடன் இருக்க வேண்டும். நடப்பவர்கள் அப்பாதையில் அடைந்து வந்த இன்பத்தையும் கவனிக்க வேண்டும். சபையார் இவற்றை ஆலோசித்து, படத்துடன் கூடிய உத்தரவு ஒன்று செய்கிறார்கள்.

உத்தரவு செய்த மாத்திரத்தில் பாதை மாறிவிடுவதில்லை. பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும். நிலச் சொந்தக்காரர்களுக்கும் கிராம சபைக்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மாறப்போகும் பாதையின் இரு முனைகளிலும் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். குறைந்தது 28 நாள் வரையில் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை இல்லாவிடில் சபையாரே உத்தரவை ஊர்ஜிதம் செய்யலாம். ஆட்சேபணை இருந்தால், காகிதங்கள் மந்திரியின் பார்வைக்குப் போய், அவரால் நியமிக்கப்பட்ட இன்ஸ்பெக்டர் விசாரித்துத் தீர்மானிக்கிறார். ஊர்ஜிதமான பிறகும் ஆறு வாரத்திற்குள் சட்டப் பிழை காட்டி ஹைகோர்ட்டுக்குப் போகலாம்.

இத்தனையும் தாண்டியபின் ஒரு படி பாக்கியிருக்கிறது. புதிய வழியில் கதவு வைக்க வேண்டும், சேற்றில் கல் பரப்ப வேண்டும் என்று இருந்தால், அந்த வேலை முடிந்ததென்று சபை அத்தாட்சி கொடுக்கும் வரையில் பழைய வழி அழிவதில்லை. இந்த இடத்திலேதான் முதல் இடறல் நேருகிறது. ஊர்ஜித உத்தரவைக் கண்டதும் எல்லாம் முடிந்ததென்று எண்ணி, குடியானவர் தொழுவத்துக் கதவைப் பூட்டிவிடுகிறார். அத்தாட்சி எழுதுவாரில்லை. ஊரார் வயல் ஓரமாக வருஷக் கணக்கில் நடக்கிறார்கள். சட்டத்தின் கண்ணிலோ பாதை இன்னும் தொழுவத்தின் நடுவிலேயே இருக்கிறது. பூட்டிய கதவு பொது வழியை மறித்த குற்றமாக நிற்கிறது.

அத்தாட்சியும் கொடுக்கப்பட்டதென்று வைத்துக்கொண்டால், அன்றைக்குப் பாதை உண்மையாகவே மாறிவிடுகிறது. ஆனால் நிர்ணயப் படம் தானாக மாறுவதில்லை. அதற்கு இன்னொரு உத்தரவு தேவை.

பேரேட்டில் வரவு வைக்கும் உத்தரவு

1949-ம் வருஷத்துச் சட்டத்தில், ஐந்து வருஷங்களுக்கு மேற்படாத இடைவெளியில் படம் முழுவதையும் மறுபடி சோதித்துத் திருத்த வேண்டும் என்று இருந்தது. அது பெரும் வேலை. ஒரு சோதனை முடிவதற்குள் அடுத்ததன் காலம் வந்துவிட்டது. பல இடங்களில் சோதனை நடுவிலேயே நின்று போயிற்று. ஆகவே 1981-ம் வருஷத்து வனஜீவி, நாட்டுப்புறச் சட்டம் அந்த முறையை நீக்கி, படத்தை இடைவிடாது கவனித்துவர வேண்டிய கடமையைச் சபைகளின் மேல் சுமத்தியது. அதன் 53-வது பிரிவின்படி திருத்த உத்தரவுகள் இரண்டு வகைப்படும்.

ஒன்று, சாக்ஷியத்தைப் பொறுத்தது. படத்தில் இல்லாத ஒரு பழைய வழி உண்டு என்று பழைய ஏடுகளையோ, முதியோர் வாக்குமூலங்களையோ கொண்டு யாரேனும் கோருவது இவ்வகை. இதில் விவாதம் உண்டு. ஆகையால் நோட்டீஸ், ஆட்சேபணை, விசாரணை யாவும் உண்டு. இப்படி ஒரு கோரிக்கை தீர்வதற்குப் பல வருஷங்கள் செல்வது சாதாரணம்.

மற்றொன்று, நடந்து முடிந்த சட்ட மாறுதலைப் பொறுத்தது. மூடியது, மாற்றியது, அகலப்படுத்தியது, புதிதாக உண்டாக்கியது ஆகிய உத்தரவுகளின் பலனைப் படத்திலும் ஜாப்தாவிலும் ஏற்றுவது இவ்வகை. இதில் விவாதத்திற்கு இடமில்லை. ஜனங்கள் ஆட்சேபிக்க வேண்டியதை முதல் உத்தரவின்போதே ஆட்சேபித்தாயிற்று. ஆகவே இதற்கு மறுபடி ஊர்ஜிதம் வேண்டியதில்லை. செய்த உடனே அமலுக்கு வரும். ஒரு வருஷத்தில் நடந்த பல மாறுதல்களைத் திரட்டி ஒரே உத்தரவில் ஏற்றுவதும் உண்டு. வரவு வந்த தொகையைப் பேரேட்டில் எழுதுவது போன்ற வேலையே இது.

வேலை எளிது, ஆயினும் இதிலேயே நிலுவை சேருகிறது. காரணங்கள் சிலவற்றைச் சொல்லலாம். பாதையை மாற்றும் அதிகாரம் ஒரே கச்சேரியில் இல்லை. ஜில்லா சபை நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி மாற்றும். வீடு கட்டுவதற்காகப் பாதையை மாற்றும் அதிகாரம், 1990-ம் வருஷத்து நகர, கிராம அமைப்புத் திட்டச் சட்டத்தின் 257-வது பிரிவின்படி, அநேகமாக அதனினும் சிறிய பிரிவுக்குரிய சபையிடம் இருக்கும். மாஜிஸ்டிரேட் கோர்ட்டும் வழியை மூடலாம். பெரிய சாலை போடும்போதும் ரயில்வேக் கடவை மூடும்போதும் வேறு உத்தரவுகள் பிறக்கும். படமோ ஜில்லா அளவில் ஒரே சபையின் பொறுப்பு. ஒரு கச்சேரியில் பிறந்த உத்தரவு மற்றொரு கச்சேரிக்குப் போய்ச் சேராவிடில், படம் எழுதுபவர் அதை அறிவதற்கு வழி ஏது? மேலும், சண்டையோடு வரும் கோரிக்கைக்குக் குமாஸ்தாவின் கவனம் முதலில் போகும். சண்டையில்லாத பதிவு வேலை மேஜையின் அடியில் தங்கிவிடும்.

இக்குறையை நீக்க, 2000-ம் வருஷத்தில் வந்த சட்டம் ஒரு நல்ல வழி செய்தது. பாதையை மாற்றும் உத்தரவிலேயே, ‘இன்ன தேதியில் இது அமலுக்கு வரும்போது நிர்ணயப் படமும் இவ்வாறு திருத்தப்படும்’ என்று சேர்த்து எழுதிவிட அது இடம் கொடுத்தது. ரசீதும் பேரேடும் ஒரே வேளையில் எழுதப்படுவது போன்றது இது. ஆனால் இம்முறை வருவதற்கு முன் செய்த உத்தரவுகளுக்குத் தனிப் பதிவு தேவையாகவே இருந்தது.

பதியாவிடில் வரும் கேடு

படத்தில் ஏறாத மாறுதலால் யாருக்கு நஷ்டம்? முதலாவது, நடப்பவருக்கு. ஆர்டினன்ஸ் சர்வே வெளியிடும் படங்களில் காணும் பொது வழிக் குறிகள் நிர்ணயப் படத்தையும் பின்வந்த உத்தரவுகளையும் தழுவியவை. மூலத்தில் பிழையிருந்தால் அச்சிட்டதிலும் பிழையிருக்கும். வெளியூரார் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத வழியைத் தேடிக் குடியானவரின் தொழுவத்தில் நுழைவார். இருக்கும் புதிய வழியை அறியாமல் திரும்புவார். இவர் மேல் அவருக்குக் கோபம். அவர் மேல் இவருக்குக் கோபம். குற்றம் இருவரிடத்திலும் இல்லை.

இரண்டாவது, வீடு வாங்குபவருக்கு. அந்தத் தேசத்தில் வீடு வாங்குமுன் வக்கீல் மூலமாக உள்ளூர்ச் சபையிடம், ‘இந்தச் சொத்தின் வழியே பொதுப் பாதை ஏதேனும் படத்தில் உண்டா?’ என்று கேட்பது வழக்கம். வீடுகள் கட்டியவர் பாதையைச் சட்டப்படி மாற்றியிருந்தும் அது படத்தில் ஏறாவிடில், கூடத்தின் நடுவே நடைபாதை ஒன்று ஓடுவதாகப் பதில் வரும். கிரயம் நின்றுவிடும். உத்தரவையே வாங்காமல் வீடு கட்டியவர் கதி இன்னும் மோசம். கட்டடம் கட்டுவதற்காகப் பாதையை மாற்றும் சட்டம் கட்டி முடிந்த கட்டடத்திற்கு உதவாது. அவர் வேறு பிரிவின்படி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது கேடு எல்லாவற்றிலும் பெரியது. குறிப்புத் தேதிக்கு முன்னேயே ஒரு பாதை சட்டப்படி மூடப்பட்டிருந்து, மூடிய உத்தரவைக் காணாமல் படத்தில் அப்பாதையை வரைந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தத் தேதியில் பாதை இருந்தது என்பதற்குப் படமே முடிவான சாக்ஷியமாகிவிடும். பழைய படத்தைத் திரட்டிப் புதுக் குறிப்புத் தேதியுடன் மறுபடி வெளியிடும்போதும் இந்த அபாயம் உண்டு; விட்டுப்போன மாறுதல் அதனால் மேலும் ஆழப் புதைந்துவிடும். எழுத்துப் பிழையே பாத்தியதையாக மாறுகிறது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. இங்கேயோ ஏட்டில் எழுதிய சுரைக்காய் தோட்டத்தில் வந்து காய்த்துவிடுகிறது!

இப்பிழையைத் திருத்தவே முடியாதா எனில், முடியும். படத்தில் தவறாக ஏறிய பாதையைச் சாக்ஷியம் காட்டி நீக்கலாம் என்று 1990-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியது. ஆனால் படம் முறைப்படி எழுதப்பட்டது என்றே முதலில் கொள்ள வேண்டும். அதை மாற்றுவதற்குக் கனமுள்ள சாக்ஷியம் வேண்டும் என்று 2001-ம் வருஷத்துத் திரெவெல்யன் வழக்கில் அதே கோர்ட்டு விளக்கியது. அன்றைக்கே ஒரு கோடு கிழித்து முடித்திருக்க வேண்டிய வேலைக்கு, ஐம்பது வருஷங்கழித்து ஏடுகளைத் தேடி வக்கீல் வைக்க வேண்டியதாகிறது.

ஜாப்தாவில் அகலத்தை எழுதாமல் விடுவதும் சிறு குறையல்ல. உழுத வயலில் பாதையைத் திரும்பச் சீர்படுத்த வேண்டிய அகலத்தை 1990-ம் வருஷத்துச் சட்டம் விதித்திருக்கிறது. பதிவான அகலம் இருந்தால் அதுவே அளவு. இல்லாவிடில் வயலின் குறுக்கே செல்லும் நடைபாதைக்கு 1 மீட்டரும், குதிரைப் பாதைக்கு 2 மீட்டரும், வயல் ஓரமாகச் செல்லுமானால் முறையே 1½ மீட்டரும் 3 மீட்டரும் குறைந்த அளவாகும். மாற்று உத்தரவில் 3 மீட்டர் கொடுத்திருந்தும் ஜாப்தாவில் ஏறாமற் போனால், ஊராருக்கு நாளடைவில் 1 மீட்டர் மிஞ்சுவது ஆச்சரியமல்ல.

பதியாத பழைய வழிகளுக்கும் ஒரு கெடு வந்தது. 1949-க்கு முன் தோன்றி, படத்தில் ஏறாமலிருக்கும் நடைபாதைகளும் குதிரைப் பாதைகளும் 2026 ஜனவரி 1-ந் தேதியில் அழிந்துவிடும் என்று 2000-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. சிலவற்றிற்கு விலக்கும் உண்டு. ராம்பிளர்ஸ் என்ற நடையாளர் சங்கத்தின் முயற்சியால் ஆயிரக் கணக்கானோர் பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்ட பாதைகள் பதிவில் விடுபட்டிருக்கக்கூடும் என்று 2020-ல் அச்சங்கம் அறிவித்தது. பின்னர் 2023-ல் இங்கிலாந்துக்கு அக்கெடு 2031 வரை நீட்டப்பட்டது. 2024 டிசம்பரில் அதை அடியோடு நீக்கிவிட உத்தேசித்திருப்பதாகச் சர்க்காரார் தெரிவித்தார்கள். கெடு நீங்கினாலும் காலம் நிற்பதில்லை. வாக்குமூலம் கொடுக்கக்கூடிய முதியோர் மறைந்துகொண்டே வருகிறார்கள்.

கிராமத்தார் செய்யக்கூடியது

இவ்வேலை அதிகாரிகளின் கடமை என்பது உண்மை. ஆயினும் சட்டம் கிராமத்தாரை வெளியே நிறுத்தவில்லை. நிர்ணயப் படத்தையும், ஜாப்தாவையும், அவற்றைத் திருத்திய உத்தரவுகளையும் நியாயமான வேளைகளில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கூடிய வரையில் ஒவ்வொரு கிராமத்திலும் அதன் பகுதிக்குரிய நகல் ஒன்று பார்வைக்கு இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. படத்தைத் திருத்தும்படி விண்ணப்பிக்க எவருக்கும் உரிமை உண்டு. பாதையை மூடும்படி மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்குப் போக உத்தேசித்தால் கிராம சபையின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சபை மறுத்தால் அவ்வழியில் மேலே செல்ல முடியாது.

ஆகையால் விழிப்புள்ள கிராம சபையார் செய்யத்தக்கது அதிகமில்லை. பாதை முனையில் நோட்டீஸ் கண்டால் அதைப் படித்து, பழைய வழியையும் உத்தேச வழியையும் நடந்து பார்க்க வேண்டும். உத்தரவு ஊர்ஜிதமானால் அதன் நகலைக் கிராமக் கட்டில் சேர்க்க வேண்டும். வேலை முடிந்த அத்தாட்சி எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சில மாதம் கழித்துப் படத்தைப் பார்த்து, பழைய கோடு நீங்கிப் புதிய கோடு ஏறியிருக்கிறதா, ஜாப்தாவில் அகலமும் கதவும் எழுதியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஏறவில்லையானால் உத்தரவின் நம்பரையும் தேதியையும் காட்டி எழுத வேண்டும். இது ஒரு மாலைப் பொழுதின் வேலை. இதை விட்டால் பின்வருவோருக்கு ஒரு தலைமுறை வழக்கு.

அங்கத்தினர்களே! பாதையோ பணமோ எதுவானாலும் நியாயம் ஒன்றே. முடிவு செய்வது ஒரு காரியம்; முடிவை எழுதுவது மற்றொரு காரியம். சண்டையும் சமாதானமும் கூட்டமும் கையெழுத்தும் முதற் காரியத்தில் அடங்கும். எல்லோரும் அதற்கு வருவார்கள். இரண்டாவது காரியத்திற்கு ஒரு பேனாவும், மறதியில்லாத ஒருவரும் போதும். அதனாலேயே அதற்கு யாரும் வருவதில்லை. தொழுவத்தைச் சுற்றி வயல் ஓரமாக நடக்கும் பள்ளிச் சிறுவன் அந்தப் பாதை யாரால், எப்போது, எப்படி வந்தது என்று அறியமாட்டான்; அறிய வேண்டிய அவசியமும் இல்லை. அவன் பெரியவனாகும்போது யாரும் அவனை மறித்து, ‘இது வழியல்ல’ என்று சொல்லாதிருக்க வேண்டும். அதற்கு வேண்டியது அன்றைய தேதியில் படத்தின் மேல் இழுத்த ஒரு கோடும், ஜாப்தாவில் எழுதிய ஒரு வரியுமே.